பழைய லாரி கியர் பாக்ஸின் ரேஷியோவைக் கண்டுபிடிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் பழைய லாரியோ டிப்பரோ வைத்திருப்பவர்களும், அவற்றைப் பழுது பார்க்கும் பட்டறைக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பெரும்பாலும் கதை ஒன்றுதான். வண்டியின் கியர் பாக்ஸ் போய்விட்டது. பழைய இரும்புக் கடையில் ஒன்று வாங்கி மாட்டியாயிற்று. அன்றிலிருந்து ஏற்றத்தில் இழுவை இல்லை, அல்லது சமதளத்தில் இன்ஜின் கத்துகிறது. வாங்கும்போதே ரேஷியோ பார்த்திருந்தால் அந்தச் செலவு மிச்சம். பேப்பரும் செல்போன் கால்குலேட்டரும் இருந்தால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

ரேஷியோ என்றால் சரியாக என்ன?

இன்ஜின் பக்கத்து ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றினால் புரொப்பல்லர் (பெட்டியிலிருந்து பின் ஆக்ஸிலுக்குச் சக்தியைக் கொண்டுபோகும் தண்டு) பக்கம் ஒரு சுற்று சுற்றும் என்பதுதான் ரேஷியோ. முதல் கியர் 7.17 என்றால், இன்ஜின் ஏழு சுற்றும் கொஞ்சமும் சுற்றினால் புரொப்பல்லர் ஒரு சுற்று வரும். வேகம் அந்த அளவுக்குக் குறையும், இழுவை அந்த அளவுக்குக் கூடும். டாப் கியர் 1 என்றால் இரண்டும் ஒரே வேகம். 1-க்குக் கீழே, உதாரணமாக 0.84 என்றால், அது ஓவர்டிரைவ்: இன்ஜினைவிட புரொப்பல்லர் வேகமாகச் சுற்றும்.

கியர் பாக்ஸில் உள்ள பிளேட்டைப் பார்த்தால் போதாதா?

முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் அதோடு நிறுத்தக் கூடாது. பிளேட் ஒட்டியிருப்பது வெளிக்கூட்டில். அந்தக் கூட்டுக்குள் இன்று என்ன பல் இருக்கிறது என்பது வேறு விஷயம். முப்பது வருஷம் ஓடிய பெட்டி எத்தனை கை மாறியிருக்கும், எத்தனை தடவை பிரித்து மாட்டியிருப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. கூடு உடைந்து வேறு கூடு போட்டிருப்பார்கள். கியர் செட் கிடைக்காமல் வேறு மாடலின் செட்டைப் போட்டிருப்பார்கள். இன்னொன்று, ஒரே மாடல் பெயரில் வேறு வேறு ரேஷியோ செட் கொண்ட பெட்டிகளும் வருவது உண்டு. டாடாவின் ஜிபிஎஸ் 40, ஜிபிஎஸ் 50 போன்ற பெயர்கள் பெட்டி எந்தக் குடும்பம் என்று சொல்லும். உள்ளே இருக்கும் பல்லை நாம்தான் எண்ண வேண்டும்.

பிளேட்டைத் துடைக்கும்போது கம்பி பிரஷ் வேண்டாம், எழுத்து போய்விடும். டீசல் நனைத்த துணியால் ஊறவைத்துத் துடையுங்கள். பிறகு சாக்பீஸைத் தேய்த்து வழித்தால் பள்ளமான எழுத்துகள் வெள்ளையாகத் தெரியும். பிளேட்டே இல்லாவிட்டால் கூட்டின் பக்கவாட்டிலும் மேல் மூடி உட்காரும் விளிம்பிலும் அடித்த எண்ணைத் தேடுங்கள். வார்ப்பிலேயே புடைத்து நிற்கும் எண் பெரும்பாலும் வார்ப்பு எண். அதை வைத்து ரேஷியோ சொல்ல முடியாது.

ஃபுல்லர், இசட்எஃப் பெட்டிகளில் உள்ள எண்ணுக்கு என்ன அர்த்தம்?

குவாரி கிரேன்களிலும் இறக்குமதி வண்டிகளிலும் ஃபுல்லர் பெட்டி வரும். அதில் எண்ணே நிறைய விஷயம் சொல்லிவிடும். ஆர்டி 11609 என்று இருந்தால், ஆர் என்பது ரோட்ரேஞ்சர், டி என்பது இரட்டை லே ஷாஃப்ட் (பெட்டிக்குள் இருக்கும் துணைத் தண்டு). கூடவே ஓ சேர்ந்தால் ஓவர்டிரைவ். முதல் இரண்டு இலக்கமான 11-ஐ நூறால் பெருக்கி 50 கூட்டினால் 1150. அது பவுண்டு அடிக் கணக்கில் பெட்டி தாங்கும் டார்க், அதாவது சுழற்று விசை. நடுவில் உள்ள 6 வடிவமைப்பு எண். கடைசி 09 என்பது முன்னோக்கிய கியர்கள் ஒன்பது. கடைசியில் ஏ, பி என்று எழுத்து இருந்தால் அதை விடாமல் குறித்துக்கொள்ளுங்கள், ரேஷியோ செட் எது என்பது அந்த எழுத்தில்தான் இருக்கிறது.

இசட்எஃப் இன்னும் வசதி. அதன் பிளேட்டில் மொத்த ரேஷியோ வீச்சையே அச்சிட்டிருப்பார்கள். 16 எஸ் 151, 16 எஸ் 181 போன்ற பெட்டிகளில் 16.41 – 1.00 என்றோ 13.80 – 0.84 என்றோ இருக்கும். முதல் எண் கியர்களின் எண்ணிக்கை, எஸ் என்பது சின்க்ரோமெஷ் (வேகத்தை ஒன்றாக்கி கியரைச் சுலபமாக விழவைக்கும் அமைப்பு). வீச்சின் கடைசி எண் 1.00 என்றால் டைரக்ட் டாப், அதற்குக் கீழே என்றால் ஓவர்டிரைவ். பிளேட் அந்தப் பெட்டியுடையதுதானா என்ற சந்தேகம் இங்கேயும் இருக்கட்டும். டாப் கியரைக் கையால் சுற்றிப் பார்த்தால் டைரக்ட்டா ஓவர்டிரைவா என்பதாவது தெரிந்துவிடும்.

கடையில் தரையில் கிடக்கும் பெட்டியை, திறக்காமலே பார்க்க முடியுமா?

முடியும். நான் எல்லோருக்கும் சொல்லும் முறை இதுதான். கையோடு ஒரு பழைய கிளட்ச் பிளேட், சாக்பீஸ், ஒரு துண்டுக் கம்பி எடுத்துப் போங்கள்.

கிளட்ச் பிளேட்டை பெட்டியின் கிளட்ச் ஷாஃப்டில், ஸ்ப்ளைன் (ஷாஃப்டின் நீளவாக்குப் பள்ளங்கள்) பொருந்தும்படி செருகுங்கள். அதுதான் சுற்றுவதற்குக் கைப்பிடி. பிளேட்டின் விளிம்பில் ஒரு கோடு, அதற்கு நேராக பெல் ஹவுசிங்கில் (கிளட்சை மூடும் முன்கூடு) ஒரு கோடு போடுங்கள். பின்பக்க ஃபிளேஞ்சில் (புரொப்பல்லர் மாட்டும் தட்டு) ஒரு கோடு, அதற்கு நேராகக் கூட்டில் ஒரு கோடு. இப்போது முதல் கியரைப் போடுங்கள். மேல் மூடியில் லீவர் இல்லையென்றால் ஷிஃப்ட் ராடைக் கம்பியால் நகர்த்தலாம். ஒரே நேரத்தில் ஒரு கியர்தான் விழுந்திருக்க வேண்டும்; இரண்டு விழுந்தால் பெட்டி பூட்டிக்கொள்ளும், சுற்றாது.

சுற்றத் தொடங்கும் முன் பல் இடைவெளியை எடுத்துவிடுங்கள். அதாவது கொஞ்சம் சுற்றி, ஃபிளேஞ்ச் நகரத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, அங்கே இரண்டு பக்கமும் கோடுகளைப் புதிதாகப் போடுங்கள். அப்புறம் ஒரே திசையில் மட்டும் சுற்றுங்கள். நடுவில் பின்னால் திருப்பினால் அந்த இடைவெளி கணக்கில் புகுந்து எண் தப்பாகிவிடும். ஒருவர் கிளட்ச் பிளேட்டைச் சுற்றி எண்ணட்டும், இன்னொருவர் ஃபிளேஞ்சைப் பார்க்கட்டும்.

ஃபிளேஞ்ச் ஒரு சுற்று வரும்வரை மட்டும் எண்ணினால் துல்லியம் கிடைக்காது. பத்துச் சுற்று வரும்வரை எண்ணுங்கள். கிளட்ச் பிளேட் 71 சுற்று முடித்து, மேலும் முக்கால் சுற்றுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றால் 71.7. பத்தால் வகுத்தால் 7.17. கிளட்ச் பிளேட்டைக் கடிகார முகம்போலப் பன்னிரண்டாகப் பிரித்துக் குறித்துக்கொண்டால் மிச்சச் சுற்றைக் கண்ணாலேயே அளக்கலாம்.

எப்போதும் கிளட்ச் பக்கத்திலிருந்தே சுற்றுங்கள். பின்பக்கத்திலிருந்து முதல் கியரில் சுற்றப் பார்த்தால் கை வலிக்கும், பெட்டி அசையாது. எல்லா கியரையும், ரிவர்ஸையும் பாருங்கள். சுற்றும்போது ஏதாவது ஒரு கியரில் சுற்றுக்கு ஒருமுறை கட் கட் என்று சத்தம் வந்தால் பல் உடைந்திருக்க வாய்ப்பு அதிகம். ரேஷியோ பார்க்கப் போய் அதையும் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

வண்டியில் மாட்டியிருக்கும் பெட்டியை எப்படிப் பார்ப்பது?

சமதரையில் நிறுத்தி நான்கு பக்கமும் கட்டை போடுங்கள். சில பழைய வண்டிகளில் ஹேண்ட் பிரேக் கியர் பாக்ஸின் பின்பக்க டிரம்மில்தான் இருக்கும். புரொப்பல்லரைக் கழற்றியதும் அந்த பிரேக்குக்கு வேலை இல்லை, வண்டி உருண்டுவிடும். அதனால் கட்டையை நம்புங்கள், ஹேண்ட் பிரேக்கை நம்பாதீர்கள்.

புரொப்பல்லரை கியர் பாக்ஸ் பக்கம் கழற்றி, கீழே தொங்காமல் கட்டிவையுங்கள். ஸ்டாப் கேபிளை இழுத்து டீசலை நிறுத்துங்கள். பேட்டரி வயரைக் கழற்றுங்கள். இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டால் கம்ப்ரஷன் இருக்காது, ஒரு ஸ்பேனரில் கிராங்க் புல்லியைச் சுலபமாகச் சுற்றலாம். இன்ஜின் ஓடும் திசையிலேயே சுற்றுங்கள். கிளட்ச் பெடலில் யாரும் கால் வைக்கக் கூடாது. மற்ற எண்ணிக்கை எல்லாம் முன்னே சொன்னபடிதான்.

பல்லை எண்ணிக் கணக்குப் போடுவது எப்படி?

மேல் மூடியைத் திறந்துவிட்டீர்கள் என்றால் இதைவிடத் துல்லியமான வழி கிடையாது. சாதாரண லாரிப் பெட்டியில் மூன்று ஷாஃப்ட் இருக்கும். முன்னால் கிளட்ச் ஷாஃப்ட், அதற்கு நேர் பின்னால் மெயின் ஷாஃப்ட், கீழே லே ஷாஃப்ட். கிளட்ச் ஷாஃப்டின் சின்ன கியர் லே ஷாஃப்டின் முன் கியரைச் சுற்றும். லே ஷாஃப்டின் மற்ற கியர்கள் மெயின் ஷாஃப்ட் கியர்களைச் சுற்றும். டைரக்ட் டாப்பைத் தவிர மற்ற கியர்களில் சக்தி இரண்டு ஜோடி பல்லைத் தாண்டிப் போகிறது. ஒவ்வொரு ஜோடியிலும் சுற்றப்படும் கியரின் பல்லை, சுற்றும் கியரின் பல்லால் வகுத்து, இரண்டு விடையையும் பெருக்கினால் ரேஷியோ.

ஓர் உதாரணம். கிளட்ச் ஷாஃப்ட் கியரில் 22 பல், லே ஷாஃப்டின் முன் கியரில் 41 பல். 41-ஐ 22-ஆல் வகுத்தால் 1.864. இதுதான் முன் ஜோடி, டைரக்ட் டாப்பைத் தவிர எல்லா கியருக்கும் பொது. முதல் கியருக்கு லே ஷாஃப்டில் 13, மெயின் ஷாஃப்டில் 50 என்றால் 3.846. இரண்டையும் பெருக்கினால் 7.17. இரண்டாவதுக்கு 20, 43: 2.15 பெருக்கல் 1.864, அதாவது 4.01. மூன்றாவதுக்கு 28, 35: விடை 2.33. நான்காவதுக்கு 35, 28: விடை 1.49. ஐந்தாவதில் கிளட்ச் ஷாஃப்டும் மெயின் ஷாஃப்டும் நேராகப் பூட்டிக்கொள்வதால் 1.00.

இந்த உதாரணப் பெட்டியைக் கடைசிவரை பயன்படுத்துவேன், எண்களை ஓரமாக எழுதிவைத்துக்கொள்ளுங்கள்: 7.17, 4.01, 2.33, 1.49, 1.00.

எண்ணும்போது ஒரு பல்லின் தலையில் பெயிண்ட் புள்ளி வைத்து, எதிரே ஒரு கம்பியை நிலையாக நிறுத்தி, பல் ஒவ்வொன்றாக அந்தக் கம்பியைத் தாண்டும்படி ஷாஃப்டைச் சுற்றி எண்ணுங்கள். கண்ணால் வட்டத்தைப் பார்த்து எண்ணினால் ஒன்று கூடும் அல்லது குறையும். சாய்ந்த பல் என்றால் கியரின் ஒரு விளிம்பை மட்டுமே பார்த்து எண்ண வேண்டும். லே ஷாஃப்ட் கீழே ஒளிந்திருக்கும், டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் வேண்டும். எண்ணி முடித்ததும் இன்னொருவரை முதலிலிருந்து எண்ணச் சொல்லுங்கள். இரண்டு பேர் எண்ணும் ஒத்துப்போனால்தான் எழுத வேண்டும்.

நேர்ப் பல் உள்ள பெட்டியில், எல்லா ஜோடியும் ஒரே அளவுப் பல்லாக இருந்தால், ஒவ்வொரு ஜோடியின் கூட்டுத்தொகையும் ஒன்றாகவே வரும். மேலே உள்ள உதாரணத்தில் எல்லாம் 63. ஆனால் முதல் கியருக்குத் தடித்த பல் போட்டிருப்பது சகஜம், சாய்ந்த பல்லில் சாய்வுக் கோணமும் மாறும். அப்போது கூட்டுத்தொகை மாறினால் தப்பு என்று நினைத்துவிடாதீர்கள்.

இரட்டை லே ஷாஃப்ட் உள்ள ஃபுல்லரில் இரண்டு பக்கமும் எண்ணிப் பெருக்க வேண்டுமா?

வேண்டாம். இரண்டு லே ஷாஃப்டும் சுமையைப் பங்கிட்டுக்கொள்கின்றன, ரேஷியோ ஒன்றுதான். ஒரு பக்கம் மட்டும் எண்ணுங்கள். ஆனால் பின்னால் ரேஞ்ச் பெட்டி தனியாக இருக்கும். லோ ரேஞ்சில் முன்பெட்டியின் ரேஷியோவை அந்தப் பின்பெட்டியின் ரேஷியோவாலும் பெருக்க வேண்டும்.

ரிவர்ஸ் கியரில் நடுவில் ஒரு கியர் இருக்கிறதே, அதைச் சேர்ப்பதா?

நடுக் கியரில் ஒரே வரிசைப் பல் இருந்தால் அதைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை, திசையை மாற்றுவது மட்டும்தான் அதன் வேலை. அதில் இரண்டு வேறு அளவு வரிசைகள் இருந்தால் அப்போது அதுவும் ஒரு ஜோடி. லே ஷாஃப்டோடு சேரும் வரிசையையும் மெயின் ஷாஃப்டோடு சேரும் வரிசையையும் தனித்தனியாக எடுத்துப் பெருக்குங்கள்.

அண்ணா, பிளேட்டில் ஒரு கணக்கு, எண்ணிப் பார்த்தால் ஒரு கணக்கு. என்ன நடந்திருக்கும்?

எந்த எண் மாறியிருக்கிறது என்பதை வைத்தே சொல்லிவிடலாம் தம்பி. ஒரே ஒரு கியர் மட்டும் ஒத்துவரவில்லை என்றால் அந்த ஒரு ஜோடியை வேறு செட்டிலிருந்து போட்டிருக்கிறார்கள். டாப் மட்டும் 1.00 என்று சரியாக இருந்து, கீழே உள்ள எல்லா கியரும் ஒரே விகிதத்தில் மாறியிருந்தால் முன் ஜோடியை மாற்றியிருக்கிறார்கள்.

நம் உதாரணப் பெட்டியில் 22, 41 ஜோடிக்குப் பதில் 23, 40 போட்டுவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். முன் ஜோடி 1.864-லிருந்து 1.739 ஆகிறது. முதல் கியர் 6.69, இரண்டாவது 3.74, மூன்றாவது 2.17, நான்காவது 1.39. எல்லாமே ஏறக்குறைய ஏழு சதவீதம் குறைவு, டாப் மட்டும் அசையவில்லை. சாலையில் டாப்பில் ஓட்டும்போது எந்த வித்தியாசமும் தெரியாது. லோடோடு ஏற்றம் வரும்போதுதான் வண்டி திணறும். டிரைவர் இன்ஜினைக் குறை சொல்வார், பம்ப் கடைக்குப் போவார், நாஸில் மாற்றுவார். காரணம் பெட்டிக்குள் இரண்டு கியரில் ஒவ்வொரு பல் வித்தியாசம்.

அதனால்தான் கியர் மாற்றும்போது ஜோடியாக மாற்றச் சொல்கிறோம். ஜோடியில் ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டால் தேய்ந்த பல்லும் புதுப் பல்லும் சேர்ந்து இரையும், சீக்கிரம் தேயும். பல் எண்ணிக்கை பொருந்தாத கியரைத் தள்ளி மாட்டினால் கொஞ்ச நாளில் பெட்டியே போய்விடும்.

பெட்டி ரேஷியோ தெரிந்துவிட்டது. அது மட்டும் போதுமா?

போதாது. வண்டியின் இழுவையைத் தீர்மானிப்பது பெட்டியும் கிரௌன் பினியனும் (பின் ஆக்ஸிலுக்குள் இருக்கும் கியர் ஜோடி) டயரும் சேர்ந்துதான். கிரௌன் பினியனில் 7/41, அதாவது பினியனில் 7 பல், கிரௌனில் 41 பல் என்றால் 5.86, 6/41 என்றால் 6.83.

ஹவுசிங்கைப் பிரிக்காமலே இதையும் பார்க்கலாம். நியூட்ரலில் வைத்து, பின்பக்கம் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள், மற்றது தரையில் கட்டையோடு இருக்கட்டும். தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றி, புரொப்பல்லர் எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணுங்கள். அதுதான் ஆக்ஸில் ரேஷியோ. ஒரு பக்கம் நின்றிருந்தால் டிஃபரன்ஷியல் காரணமாக இந்தப் பக்கம் இரட்டிப்பாகச் சுற்றும், அதனால்தான் இரண்டு சுற்று. பத்து மடங்காக, இருபது சுற்று சுற்றிப் பத்தால் வகுத்தால் இன்னும் துல்லியம். ஹப்பில் கியர் உள்ள ஆக்ஸில் என்றால் இந்த முறையில் அதுவும் சேர்ந்தே வந்துவிடும். ஹவுசிங்கைத் திறந்து கிரௌன் பல்லை மட்டும் எண்ணினால் வராது.

எதையும் கழற்றாமல் ஓட்டிப் பார்த்தே சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். ஆக்ஸில் ரேஷியோவும் டயர் சுற்றளவும் தெரிந்திருக்க வேண்டும். டயரை லோடோடு தரையில் ஒரு முழுச் சுற்று உருட்டி, சாக்பீஸ் குறிகளுக்கு நடுவே டேப் வைத்து அளங்கள். 10.00-20 டயர் ஏறக்குறைய 3.2 மீட்டர் வரும். ஆர்பிஎம் மீட்டர் இல்லாத பழைய வண்டி என்றால் கிராங்க் புல்லியில் மினுக்கும் ஸ்டிக்கர் ஒட்டி, கையில் பிடிக்கும் டேக்கோமீட்டரால் நிறுத்திய வண்டியில் ஒரு நிலையான ஆக்ஸிலேட்டர் அளவை முதலில் பழகிக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். அது சரிவராது, லோடில் ஆர்பிஎம் மாறும். ஓடும்போதே ஆர்பிஎம் காட்டும் மீட்டர் ஒன்றை மாட்டிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். வேகத்துக்கு செல்போன் ஜிபிஎஸ்ஸை நம்பலாம். பழைய ஸ்பீடோமீட்டரை நம்ப வேண்டாம், பெட்டி மாறினால் அதன் கணக்கும் மாறியிருக்கும்.

உதாரணமாக, நான்காவது கியரில் 1500 ஆர்பிஎம்மில் 33 கி.மீ. வேகம். 33 கி.மீ. என்றால் நிமிடத்துக்கு 550 மீட்டர். 3.2-ஆல் வகுத்தால் சக்கரம் நிமிடத்துக்கு 172 சுற்று. 5.86-ஆல் பெருக்கினால் புரொப்பல்லர் ஏறக்குறைய 1007 சுற்று. 1500-ஐ 1007-ஆல் வகுத்தால் 1.49. பல் எண்ணிய விடையும் அதுதான்.

தொப்பூர் கணவாய்க்கு இந்தக் கணக்கு எப்படி உதவும்?

இந்த ஒரு கேள்விக்காகவே எல்லோரும் ரேஷியோ தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். தருமபுரியிலிருந்து சேலம் போகும்போது தொப்பூரில் இறக்கம். அங்கே நடந்த விபத்துகள் இந்த மாவட்டத்தில் யாருக்கும் புதிதில்லை. பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் டிரம் சூடாகி லைனிங் பிடிப்பை இழக்கும். திரும்பத் திரும்ப மிதித்தால் ஏர் பிரேக் டாங்கில் காற்றும் குறையும். வண்டியைப் பிடித்து வைப்பது கியர்தான்.

எந்த கியரில் எந்த வேகம் என்று பார்ப்போம். நம் உதாரணப் பெட்டி, 7/41 கிரௌன், 3.2 மீட்டர் டயர், இன்ஜின் 2000 ஆர்பிஎம். முதல் கியரில் 9 கி.மீ., இரண்டாவதில் 16, மூன்றாவதில் 28, நான்காவதில் 44, டாப்பில் 66. ஆக, 28 கி.மீ. வேகத்தில் இறங்க வேண்டுமென்றால் மூன்றாவதுதான். டாப்பில் அதே 28-இல் இறங்கினால் இன்ஜின் 850 ஆர்பிஎம் சொச்சத்தில் சும்மா ஓடிக்கொண்டிருக்கும், வண்டியைப் பிடிக்காது. மூன்றாவதில் இன்ஜின் சுழற்சி மட்டும் அல்ல, அதன் எதிர்ப்பும் 2.33 மடங்காகி சக்கரத்துக்குப் போகும்.

இன்னொரு விஷயம். பம்பில் உள்ள கவர்னர் டீசலைத்தான் குறைக்கும். இறக்கத்தில் சக்கரம் இன்ஜினைத் தள்ளும்போது அதற்கு ஆர்பிஎம்மைத் தடுக்கும் சக்தி கிடையாது. அதனால் கியர் போட்டாயிற்று என்று வேகத்தை விட்டுவிடக் கூடாது. பிரேக்கை அழுத்தி, விட்டு, ஆர்பிஎம்மை எல்லைக்குள் வைக்க வேண்டும்.

கியரை இறக்கம் தொடங்கும் முன்பே மாற்றிவிடுங்கள். சின்க்ரோ இல்லாத பழைய பெட்டியில் நடு இறக்கத்தில் கியர் குறைக்கப் பார்த்தால் நியூட்ரலில் மாட்டிக்கொள்ளும், மறுபடி விழாது. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குவதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அந்தச் சில சொட்டு டீசலுக்கு உயிரைக் கொடுக்க வேண்டாம்.

குவாரியில் ஏற்றம் ஏற முதல் கியர் ரேஷியோ எவ்வளவு வேண்டும்?

கிருஷ்ணகிரி கிரானைட் குவாரிகளுக்கு வண்டி விடுபவர்கள் கேட்பது. ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். இன்ஜின் டார்க் 400 நியூட்டன் மீட்டர், முதல் கியர் 7.17, ஆக்ஸில் 5.86, வழியில் பத்து சதவீதம் வீண். டயரின் ஆரம் 0.51 மீட்டர். எல்லாவற்றையும் பெருக்கி ஆரத்தால் வகுத்தால் சக்கரத்தில் ஏறக்குறைய 29,600 நியூட்டன் இழுவை. லோடோடு 16 டன் வண்டி என்றால் அதன் எடை 1,57,000 நியூட்டன். இழுவை எடையில் 19 சதவீதம். உருளும் எதிர்ப்புக்கு மண் பாதையில் 2, 3 சதவீதம் கழித்தால் 16 சதவீத ஏற்றம்வரை ஏறும், அதாவது 100 மீட்டருக்கு 16 மீட்டர் உயரம். இதே வண்டிக்கு முதல் கியர் 5.5 உள்ள பெட்டியை மாட்டினால் 12 சதவீதத்தில் நின்றுவிடும். நின்ற இடத்திலிருந்து லோடோடு கிளம்ப இன்னும் கொஞ்சம் மிச்சம் வேண்டும், இல்லையென்றால் கிளட்ச் பிளேட் கருகும். பாதையின் சரிவை முதலில் அளந்துவிட்டுப் பெட்டி தேடுங்கள்.

டைரக்ட் டாப்புக்குப் பதில் ஓவர்டிரைவ் பெட்டி போட்டால் மைலேஜ் வருமா?

சமதளத்தில், பாதி லோடில், நீண்ட தூரம் ஓடும் வண்டிக்கு வரலாம். ஆனால் ஆக்ஸிலையும் சேர்த்துப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். 0.8 ஓவர்டிரைவும் 6/41 கிரௌனும் சேர்ந்தால் மொத்தம் 5.47. டைரக்ட் டாப்பும் 7/41-ம் சேர்ந்தால் 5.86. இரண்டுக்கும் ஏழு சதவீதம்தான் வித்தியாசம். 7/41 ஆக்ஸிலோடேயே 0.8 ஓவர்டிரைவை மாட்டினால் மொத்தம் 4.69, அப்போது லோடோடு ஓசூர் ரோட்டு மேடுகளில்கூட டாப் நிற்காது, கியர் குறைத்துக்கொண்டே இருப்பீர்கள். ஓவர்டிரைவில் புரொப்பல்லர் இன்ஜினைவிட வேகமாகச் சுற்றும் என்பதால் யு ஜாயிண்டும் சென்டர் பேரிங்கும் நல்ல நிலையில் இருக்க வேண்டும். கொஞ்சம் ஆட்டம் இருந்தாலும் நடுக்கம் தெரியும்.

டிப்பரின் பிடிஓ வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. பிடிஓ என்பது தொட்டியைத் தூக்கும் பம்புக்கு கியர் பாக்ஸிலிருந்து சக்தி எடுக்கும் அமைப்பு. பக்கவாட்டில் மாட்டும் பிடிஓ பெரும்பாலும் லே ஷாஃப்டிலிருந்து சுற்றுகிறது. லே ஷாஃப்ட் வேகம் முன் ஜோடியைப் பொறுத்தது. நம் உதாரணத்தில் இன்ஜின் 1000 ஆர்பிஎம் ஓடினால் லே ஷாஃப்ட் 537 சுற்று. பெட்டி மாறி முன் ஜோடி மாறினால் பம்ப் வேகமும் மாறும், தொட்டி தூக்கும் நேரமும் மாறும். பிடிஓ கியர் எந்த கியரோடு சேர்கிறதோ அதன் பல்லும் அளவும் பொருந்துகிறதா என்று மாட்டும் முன் பாருங்கள்.

கண்டுபிடித்ததை எங்கே எழுதிவைப்பது?

நோட்டில் எழுதினால் நோட்டு தொலையும், வண்டி விற்றால் நோட்டு கூடப் போகாது. ஒரு சின்ன அலுமினியத் தகட்டில் பல் எண்ணிக்கை, ஒவ்வொரு கியரின் ரேஷியோ, கிரௌன் பினியன் எண், டயர் அளவு, தேதி எல்லாவற்றையும் எண் அச்சால் அடித்து, பெட்டியின் மேல் மூடி போல்ட் ஒன்றில் மாட்டிவிடுங்கள். பழைய பிளேட்டைக் கழற்ற வேண்டாம், அதுவும் இருக்கட்டும். முடிந்தால் கேபினுக்குள் டிரைவர் கண்ணில் படும் இடத்தில் 2000 ஆர்பிஎம்மில் ஒவ்வொரு கியருக்கும் என்ன வேகம் என்பதைப் பெயிண்டில் எழுதுங்கள். அடுத்து அந்தப் பெட்டியைத் திறப்பவர், மூடியைக் கழற்றியதும் தகட்டில் உள்ள பல் எண்ணிக்கையை உள்ளே இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். ஏதாவது மாற்றினால் தகட்டையும் மாற்றட்டும்.